தொண்ணூறு குளிசை

ஏப்பிரல் மூன்றாந் திகதி செல்வமலர் தன் புருஷனின் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மொன்றியலின் வில்லரே தெருவோரங்களில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. மாரி முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய சிறுகல்லும் கறுத்த பனிக்கட்டியும் குழைந்து நடைபாதையில் கிடந்தன. கையில் இரண்டு பைகள். போன ஜூலை முதலாந் திகதி இதே இரண்டு பைகளோடுதான் அந்த மாடிவீட்டின் இரும்புப் படியில் இறங்கியிருந்தாள். மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள் அது. தெருவெல்லாம் மெத்தையும் பிரிட்ஜும் சுமந்துகொண்டு ஆட்கள் போனார்கள். இரண்டு பையோடு போன ஒரு பொம்பிளையை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவராசா கதவைத் திறந்தார். பைகளை வாங்கி உள்ளே வைத்தார். கடைக்குப் போய் வந்தவளைப் பார்க்கிற பார்வைதான்.

"தேத்தண்ணி போடும். ரெண்டுபேரும் குடிப்பம்," என்றார்.

அவள் தேத்தண்ணி போட்டாள். சீனி டப்பா இருந்த இடத்தில்தான் இருந்தது. கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பிரஷர் குளிசைப் போத்தலை எடுத்தாள். அன்று காலைதான் மருந்துக்கடையில் எடுத்தது. மூன்று மாதத்துக்கு, தொண்ணூறு குளிசை. முதலாவதை விழுங்கிவிட்டுப் போத்தலை யன்னல் கரையில் வைத்தாள்.

"அந்தக் கையெழுத்து," என்று தொடங்கினாள்.

"ஓம், போடத்தானே வேணும். நீர் வந்திட்டீர். இனி என்ன அவசரம். பாப்பம்."

அந்தப் பாப்பம் என்ற சொல்லுக்காகத்தான் அவள் இந்த வீட்டை விட்டுப் போனாள். அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. அவர் அடித்ததில்லை. குடியும் கலியாணம், செத்தவீடு என்றால்தான். பாண் சுடுகிற கம்பனியில் விடிய மூன்று மணிக்கு லொறி ஏற்றப் போய், மத்தியானம் வந்து, குளித்து, பேப்பர் வாசித்து, எட்டு மணிக்குப் படுக்கிற மனுஷன். பிரெஞ்சு வகுப்புக்குப் போகட்டோ என்று வந்த வருஷம் கேட்டாள். பாப்பம். சம்பளம் போட எனக்கெண்டு ஒரு எக்கவுண்ட் திறக்கட்டோ. பாப்பம். அம்மாவுக்கு ஏலாமல் போனபோது ஊருக்குப் போகட்டோ என்று கேட்டாள். பாஸ்போட் அவருடைய அலுமாரியில் இருந்தது. பாப்பம், பாப்பம் என்று பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் தங்கச்சி நிரஞ்சனி, அம்மாவை எடுத்தாச்சு என்று சொன்னாள். அவர் ஒருக்காலாவது இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சண்டை பிடிக்க ஒரு சுவராவது வேண்டும். அவர் பஞ்சுமூட்டை. குத்தினால் கை உள்ளே போய் அப்படியே நின்றுவிடும்.

இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், அவள் இரண்டு பையோடு போனாள். போன இடம், எட்டுத் தெரு தள்ளி, கூட வேலை செய்கிற திரேசம்மாவின் வீட்டு ஓர் அறை.

*

அவளுக்கும் திரேசம்மாவுக்கும் சலாட் வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சுவரில் தொங்கும் வெப்பமானி எந்நேரமும் நாலு பாகை காட்டும். வெளியே என்ன காலமென்றாலும் உள்ளே அதே குளிர்தான். தலைக்கு வலை, இரண்டு சோடிக் கையுறை, கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இலை சுருண்ட கோவா ஓடும் பட்டியில் உருண்டு வரும். தண்டைக் குத்தி எடுத்து வாளிக்குள் எறியவேண்டும், ஒரு நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. விரல்கள் முதல் மணித்தியாலம் நோகும், பிறகு தம்முடையவை இல்லாததுபோல் வேலை செய்யும்.

திரும்பி வந்த மறுநாள், பட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்ற திரேசம்மா அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அறுபது வயது, மட்டக்களப்புக்காரி, புருஷனை இழந்தவள், யாருக்கும் பயமில்லாத வாய்.

"என்னகா, கையெழுத்துப் போட்டானா?"

"பாப்பம் எண்டார்."

திரேசம்மா கோவாத் தண்டு ஒன்றைக் குத்தியெடுத்து வாளிக்குள் எறிந்தாள். வழமையைவிடப் பலமாக.

"எனக்கு இன்னும் விளங்கல்ல புள்ள. ஊர் வீடு உன்ட பேரில. உன்ட அப்பன் உனக்கு எழுதினது. அவன் எதுக்குக் கையெழுத்து?"

இதை அவள் முன்னமும் கேட்டிருக்கிறாள். செல்வமலரும் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியிடம் இதே கேள்வியைத்தான் வட்ஸ்அப்பில் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். தேசவழமைச் சட்டப்படி சீதனவீடு பெண்ணுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கலியாணம் முடித்தவள் அதை விற்கவோ கொடுக்கவோ போனால் புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். மற்றச் சனத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, எங்கட யாழ்ப்பாண ஆக்களுக்குத்தான். புருஷன் கைவிட்டிருந்தால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், நீதிமன்றத்தில் கேட்கலாம். வழக்குப் போட்டால் வருஷக்கணக்கு. அதோடு, "இதில விட்டிட்டுப் போனது நீங்களெல்லே தங்கச்சி" என்று அவர் மெதுவாகச் சேர்த்தார். மறுத்ததாகவும் சொல்ல முடியாது. சிவராசா எதையும் மறுத்ததில்லை.

திரேசம்மா தன் ஊர் வீட்டை மகளுக்குக் கொடுத்தது போன வருஷம். ஒரு பேப்பர், ஒரு கையெழுத்து.

"எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தான். ஆம்புள வந்து இரிக்கிறவன். மனுசன் உசிரோட இரிக்கக்குள்ள, வீட்ட விக்கப்போறன் எண்டு ஒருக்காச் சொன்னன். 'அப்ப நான் எங்க படுக்கிற?' எண்டு மட்டும்தான் கேட்டார்."

செல்வமலர் சிரித்தாள். சிரிக்கும்போதே பட்டியில் இரண்டு கோவா தண்டோடு போய்விட்டன. மேற்பார்வைக்காரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டினாள்.

நினைக்க நினைக்க அவளுக்கு ஒன்று ஆறவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மருத்துவ அட்டையில் அவள் பேர் செல்வமலர் கந்தையா என்றே வந்தது. அப்பாவின் பேர். பிழையென்று திருத்தப் போன சிவராசாவுக்கு, கியூபெக்கில் கலியாணம் முடித்தாலும் பெண் தன் பிறந்த பேரில்தான் இருக்கவேண்டும், அதுதான் சட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இங்கே அவள் விரும்பினாலும் அவர் பேரைச் சூட முடியாது. அங்கே அவர் பேர் எழுதாமல் அவள் தன் வளவில் ஒரு சாண் கொடுக்க முடியாது. இரண்டு சட்டமும் அவளைக் கேட்டு எழுதப்பட்டவை அல்ல.

*

கொடுக்க நினைத்தது நிரஞ்சனிக்கு. நாற்பத்தேழு வயது, கலியாணமாகவில்லை. அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, இரண்டுபேரையும் அனுப்பிவிட்டு, நீர்வேலியில் அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். சண்டையில் ஓடு போய், தகரம் போட்டு, தகரமும் துருப்பிடித்துவிட்டது. இந்த வருஷம் வீடு கட்டிக் கொடுக்கிற வீட்டுத்திட்டப் பட்டியலில் அவள் பேர் வந்திருக்கிறது. ஜூலை முடிவதற்குள் காணி உறுதி அவள் பேரில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அடுத்த பேருக்குப் போய்விடும். நன்கொடை எழுத ஊருக்குப் போகவேண்டியதில்லை. இங்கே நொத்தாரிசு என்கிற பத்திர எழுத்தருக்கு முன்னால் செல்வமலர், தனக்காக அங்கே ஒருவர் எழுத விடுகிற அற்றோணிப் பத்திரத்திலும், சிவராசா சம்மதக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

மார்ச் மாதம் போனில் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "திரும்பி வீட்டை வாரும். போடுறன்."

அதனால் வருவதற்கு முதல் அவள், மகள் வினோஜாவோடு சட்ட உதவி நிலையமொன்றுக்குப் போனாள். வினோஜாவுக்கு மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், கல்லூரி அலுவலகத்தில் வேலை. அங்கேயே ஒரு அறையில் இருக்கிறாள். அவள்தான் பிரெஞ்சிலிருந்து அம்மாவுக்கு மாற்றிச் சொன்னாள். ஒரு வருஷம் பிரிந்திருந்தால் விவாகரத்துக் கேட்கலாம். அவர் சம்மதிக்கத் தேவையில்லை, அவரில் குற்றமும் காட்டத் தேவையில்லை. சேர்ந்து வாழ்ந்து பார்க்கத் திரும்பிப் போனாலும் தொண்ணூறு நாள் மட்டும் கணக்கு முறியாது.

"தொண்ணூற்றொண்டு எண்டால் முழுக்க முதலிலயிருந்து, அம்மா. விளங்குதோ? ஒரு நாள் கூடினாலும்."

விரலை மடித்துப் பார்த்தாள். ஏப்பிரல் மூன்று போனால் தொண்ணூறாம் நாள் ஜூலை முதலாந் திகதி. அவள் போன நாளே ஒரு வருஷமாக வந்து நிற்கும். அவர் ஒரு மாதத்தில் போடமாட்டாரா, இரண்டு மாதத்தில்?

நிலையத்தில் இருந்த சட்டக்காரப் பிள்ளை கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். வேறு இடமில்லாதவர்கள் ஒரே வீட்டுக்குள்ளும் பிரிந்திருக்கலாம், அதுவும் சட்டத்தில் செல்லும்: படுக்கை வேறு, சமையல் வேறு, சாப்பாடு வேறு. வினோஜா அதை மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தாள். செல்வமலரும் சிரித்தாள். ஒரு குசினிக்குள் இரண்டு உலையா?

*

ஏப்பிரலில், நொத்தாரிசு ஊருக்குப் போய்விட்டார் என்றார் சிவராசா. வேறு நொத்தாரிசு இருக்கிறார்களே என்றதற்கு, தெரிந்த மனுஷன் என்றால் நல்லது, பாப்பம். மே மாதம் பத்திரம் வந்தது. அதில் அவருடைய தகப்பன் பேரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தி எடுக்கவேண்டும். திருத்தி வந்தபோது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அது பொய்யில்லை. அவள்தான் எண்ணெய் சூடாக்கிப் பூசினாள். முதுகைத் தேய்க்கும்போது, இந்த முதுகு சுகமானால் இந்தக் கை கையெழுத்துப் போடும் என்று நினைத்துத் தேய்த்தாள். தேய்ப்பில் அன்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்று அவளுக்கே பிரிக்க வரவில்லை.

அவளைப் பயமுறுத்தியது அவரல்ல. வந்த மூன்றாம் நாள், யாரும் சொல்லாமல், அவருடைய வேலைச் சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்திருந்ததை அவள் கண்டாள். எப்போது துடைத்தாள் என்று ஞாபகமில்லை. பிட்டு அவிக்கும்போது கைப்பிடி மா தானாக இரண்டுபேருக்கு விழுந்தது. ஒன்பது மாதம் திரேசம்மா வீட்டில் எத்தனை மணிக்கு லைட்டை நிற்பாட்டுவது என்று அவளே தீர்மானித்தாள். இங்கே எட்டு மணிக்கு அவர் நிற்பாட்ட, வேலை முடியாத கையோடு இருட்டில் நின்றாள். நிற்பாட்டாதேங்கோ என்று சொல்லவேண்டும் என்பதுகூட அடுத்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் ஒரு குளிசை. போத்தலை ஆட்டினால் வருகிற சத்தம் ஏப்பிரலில் மழைபோல் இருந்தது. ஜூன் நடுவில் நாலைந்து கடுகு பொரிகிறதுபோல் வந்துவிட்டது.

வெயில் தொடங்கியது. வேலையில் கம்பளிச் சட்டை, பஸ்ஸில் வியர்வை. பின்லேனில் யாரோ இறைச்சி வாட்டுகிற மணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சனி வீடியோவில் வந்தாள். பின்னால் படபடவென்று தகரம் அடித்தது.

"சோளகக் காத்து அக்கா. ராவில நித்திரை இல்லை. ஒரு தகரம் பறந்து போட்டுது, அடுத்த வளவு வாழைக்குள்ள கிடந்து எடுத்தன்." பிறகு கேட்டாள். "அத்தான் போட்டிட்டாரோ?"

"போடுவார்."

"அவர் நல்ல மனுஷன்தானே. போடுவார்."

நிரஞ்சனி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். திரேசம்மாகூட முதல் நாள், அடிச்சவனா, குடிச்சவனா என்று கேட்டு, இரண்டும் இல்லை என்றபோது, பின்ன என்னகா என்று சிரித்தவள்தான். பதினொரு நாள் கதையைக் கேட்ட பிறகுதான் சிரிப்பை நிற்பாட்டினாள்.

ஜூன் இருபத்தைந்தில் அவரே வந்து சொன்னார். நொத்தாரிசோடு கதைத்துவிட்டார், நாள் குறித்தாயிற்று.

"ஜூலை இரண்டாந் திகதி. பத்து மணிக்கு."

சோற்றுக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. எண்ணத் தேவையில்லை. தொண்ணூற்றொன்று.

"முதல் ஒரு நாள் இல்லையோ? முப்பதாந் திகதி?"

"முப்பது அவருக்கு ஏலாதாம். ஒண்டாந் திகதி லீவு. இரண்டுதான். ஏன், ஒரு நாளில என்ன?"

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் வேலையிடத்தில் திரேசம்மா ஒரு வார்த்தையும் குறைக்காமல் பேசினாள். உன்ட தங்கச்சிக்குப் பாவம்தான், ஆனா நீ முதலாந் திகதி பின்னேரம் பையோட என்ட வீட்ட வா. அவன் போடுவான் எண்டு என்ன நிச்சயம். இரண்டாந் திகதி போய் அங்க கொட்டாவி விட்டிட்டுப் பாப்பம் எண்டா? பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மறுகா இன்னொண்டு. அறைய ஒண்டாந் திகதிக்கு மேல பிடிச்சு வைக்கேலா புள்ள. வாடகை கூட்டிட்டான், தனியக் கட்ட என்னால முடியா. அஹுன்ட்சிக் பக்கமிருந்து ஒரு படிக்கிற புள்ள கேட்டு நிக்குது. நீ வாறாயா இல்லையா?"

"சொல்லுறன் அக்கா."

"எப்ப?"

செல்வமலரின் வாயில் வந்த சொல்லை அவள் விழுங்கினாள். அது அவருடைய சொல்.

*

ஜூலை முதலாந் திகதி காலையிலேயே காற்று ஈரத் துணிபோல் ஒட்டியது. தெருவில் மெத்தைகள். எதிர்வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். கீழே நின்றவன் இந்த ஊர் வழக்கப்படி பிரெஞ்சில் யேசுவையும் கோயில் சாமான்களையும் கூப்பிட்டுத் திட்டினான். அவள் யன்னலருகே நின்று கடைசிக் குளிசையைக் கையில் கொட்டினாள். போத்தலில் வெறும் பஞ்சு.

இரண்டு பையும் கட்டிலுக்கடியில் ஆயத்தமாக இருந்தன. சிவராசா வெளியே போயிருந்தார். அவள் நிரஞ்சனிக்கு எடுத்தாள்.

எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னாள். ஒரு வருஷக் கணக்கு, தொண்ணூறு நாள், இன்றைக்கு முடிகிறது என்பது. இன்றைக்குப் போனால் அவர் கையெழுத்துப் போடமாட்டார், வீட்டுத்திட்டம் கைவிட்டுப்போகும். விவாகரத்து வந்த பிறகு ஒருவருடைய கையெழுத்தும் தேவையில்லை, முழு வளவையும் உனக்கே எழுதுவேன், ஆனால் அதற்கு இன்னும் மாதங்கள் போகும். நாளைவரை நின்றால் உனக்கு வீடு வரும், எனக்கு இந்த வருஷம் போய்விடும்.

மறுமுனையில் தகரம் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் போங்கோ அக்கா என்று அவள் சொல்வாள் என்று செல்வமலர் காத்திருந்தாள். அதைக் கேட்கத்தான் எடுத்தாள் என்பது காத்திருக்கும்போதுதான் தெரிந்தது. அவள் அப்படிச் சொன்னால், நான் போகமாட்டேன், நிற்கிறேன் என்று சொல்லலாம். அப்போது நிற்பது தன் விருப்பமாக இருக்கும்.

"ஒரு நாள்தானே அக்கா," என்றாள் நிரஞ்சனி. "இவ்வளவு நாள் இருந்தனீங்கள். ஒரு நாள் இருங்கோவன்."

"ஓம்."

"கோவமோ?"

"இல்லையடி. இருக்கிறன்."

தங்கச்சியில் அவளுக்குக் கோபம் வரவில்லை. பதினெட்டு வருஷம் அம்மாவின் பீயும் சலமும் அள்ளியவள். ஒரு கூரை கேட்கிறாள், வேறு யாரிடம் கேட்பாள்? திரேசம்மாவுக்கு, அறையைக் குடுங்கோ அக்கா என்று மட்டும் அனுப்பினாள். பின்னேரம் ஒரு படம் வந்தது: அந்த அறை யன்னலில் அவள் விட்டுவந்த கறிவேப்பிலைச் சாடி. இத நான் வச்சிருக்கன் என்று கீழே எழுதியிருந்தது.

ஐந்து மணிக்குச் சிவராசா வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சின்னக் காகிதப் பையை மேசையில் வைத்தார்.

"உம்மட குளிசை முடிஞ்சிருக்கும் எண்டு எடுத்துக்கொண்டு வந்தனான். மூண்டு மாதத்துக்கு."

அவள் பையைப் பார்த்தாள். அந்த யன்னல் கரையைத் தான் மட்டும் பார்ப்பதாக நினைத்திருந்தாள்.

*

நொத்தாரிசின் அலுவலகம் ஒரு புடவைக்கடைக்கு மேலே. அவர் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். சிவராசாவின் மனைவி செல்வமலர் ஆகிய நான், மேற்படி எனது கணவரின் சம்மதத்துடன். செல்வமலர் கையெழுத்துப் போட்டாள். பேனை கைமாறியது.

சிவராசா கண்ணாடியைத் துடைத்தார். முதலாவது பக்கத்தை மறுபடி வாசித்தார். பிறகு ஆறுதலாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வடிவான எழுத்தில், மூன்று இடத்திலும் போட்டார். அவ்வளவுதான். மூன்று மாதம் காத்திருந்ததற்கு ஒரு நிமிஷம்.

நொத்தாரிசு உறையை அவரிடம் நீட்டினார். எழுந்து நின்ற செல்வமலர் கையை நீட்டி அதை வாங்கினாள். இரண்டுபேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் கொண்டுபோய் அனுப்பிறன். உம்மட கையில துலைஞ்சு போகும்," என்றார் சிவராசா படியிறங்கும்போது. "எப்ப அனுப்பிறதெண்டு பேந்து பாப்பம்."

அவள் உறையோடு தெருவைக் கடந்தாள். மருந்துக்கடையின் பின்மூலையில் தபால் கவுண்டர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு போன்ஜூர் சொல்லி, உறையில் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியின் விலாசத்தைத் தன் கையால் எழுதி, பற்றுச்சீட்டை வாங்கி பிளவுசுக்குள் வைத்தாள். சிவராசா ஷாம்பூத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. அவருக்கு அந்த உறை இனி முக்கியமில்லை என்பது அவளுக்கு வெளியே பஸ் தரிப்பில்தான் விளங்கியது.

நிழலில்லாத தரிப்பு. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"இனிப் பேந்தும் முதலிலயிருந்தெல்லே எண்ணவேணும்."

அவள் திரும்பினாள்.

"வினோஜா ஏப்பிரலிலேயே சொன்னவள். தொண்ணூறு நாள் எண்டு. அப்பா, கெதியாப் போட்டுக் குடுங்கோ, அம்மா பாவம் எண்டு அழுதவள்." கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "நான் சொன்னபடி போட்டனான்தானே. இப்ப உமக்கும் சந்தோஷம், தங்கச்சிக்கும் சந்தோஷம். இனிக் கண்டதையும் யோசியாதையும்."

பஸ் வந்தது. அவர் அவளை முதலில் ஏறவிட்டார்.

வழி முழுக்க அவள் வினோஜாவை நினைத்தாள். அப்பா அவசரப்படுவார் என்று நம்பியிருக்கிறாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. ஒரு கெடு இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷர் அதற்கு முன்னால் செய்வார்கள் என்றுதான் அவளுக்கு இங்கே படிப்பித்திருக்கிறார்கள். அவளை இதற்காக நோகவைக்க முடியாது. சொல்லவும் முடியாது. திரேசம்மாவின் தெருமுனையில் பஸ் நின்று புறப்பட்டது. அந்த அறை யன்னலில் புதிய திரை போட்டிருப்பார்கள். அவள் எழும்பவில்லை. எழும்பிப் போக ஓரிடம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேப்பரோடு மேசையில் இருந்தார். லீவு எடுத்த நாள், நேரத்துக்குச் சாப்பிடலாம் என்றார். அவள் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு பையையும் இழுத்தாள். தலையணையையும் எடுத்துக்கொண்டு, வினோஜாவின் பழைய அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அங்கே தையல் மெஷினும் பழைய புத்தகப் பெட்டிகளும். ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடமிருந்தது. படுக்கை வேறு, சமையல் வேறு.

குசினிக்கு வந்து சின்னச் சட்டியை எடுத்தாள். அரிசிக்குள் போன கை பழக்கத்தில் இரண்டு பேணி அள்ளியது. ஒரு பேணியைத் திரும்ப டப்பாவுக்குள் கொட்டினாள். இந்த வீட்டில் அந்தக் கை ஒருநாளும் அளந்திராத அளவு. சோறு கொதித்தது. நேற்றைய பருப்பைச் சூடாக்காமலே எடுத்து, நின்றபடி, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் சாப்பிட்டாள். தண்ணி குடித்தாள். பிறகு கோப்பையைக் கழுவினாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பேப்பர் தாழ்ந்தது.

"எனக்கு வைக்கேல்லையோ?"

வெளியே யாரோ விட்டுப்போன மெத்தையில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்தாள். இந்த வீட்டில் எவரும் சொல்லாத சொல் அது, அவரும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. நாக்கில் அது எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"இல்லை," என்றாள்.

அவருடைய கதிரை பின்னால் நகர்ந்தது. குசினிக்குள் வந்து முதல் அலுமாரிக் கதவைத் திறந்தார். சாடினும் சூப் பேணியும். மூடினார். அடுத்ததைத் திறந்தார்.

"அரிசி எதுக்குள்ள கிடக்கு?"

செல்வமலர் காகிதப் பையைக் கிழித்துப் புதுப் போத்தலின் மூடியைத் திருகினாள். காலையில் போடாமல் விட்ட குளிசை. பின்னால் மூன்றாவது கதவு திறந்து மூடுவது கேட்டது.